முதலில் சேஸைப் பாருங்கள், அப்புறம் இன்ஜினைப் பேசலாம்: பழைய பிக்கப்புக்குச் செலவு செய்வதா, மாற்றுவதா?

மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிக்கப்பை ஓட்டிப் பிழைப்பவருக்கு எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கும் மாதம் நெருங்க நெருங்கத் தூக்கம் குறையும். புகை அதிகமாகிவிட்டது, ஆயில் குடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை. பட்டறையில் ஒருவர் ஃபுல் இன்ஜின் வேலை என்கிறார். இன்னொருவர் பழைய இன்ஜின் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். ஃபைனான்ஸ்காரர் வேறு, "பழைய வண்டியைக் கொடுங்க, புதுசு எடுத்துத் தர்றேன்" என்று போன் செய்துகொண்டே இருப்பார். இந்த மூன்றோடு, செகண்ட் ஹேண்டில் கொஞ்சம் புதிய வண்டி வாங்குவது, இருப்பதையே சின்னச் சின்ன வேலை பார்த்து ஓட்டுவது என்று இன்னும் இரண்டு வழிகள் உண்டு.

ஐந்தையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் இந்த முடிவை இன்ஜினைக் கேட்டு எடுக்கிறார்கள். கேட்க வேண்டியது சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை. எந்த இன்ஜினையும் பணம் இருந்தால் சரி செய்துவிடலாம். இற்றுப்போன சேஸுக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

இதை வேலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கம் முழுக்கத் தோல் தொழில். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பைக் கொட்டி அடுக்கித்தான் அனுப்புவார்கள். அந்த லோடு ஏற்றிய வண்டியில் உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பாடிக்கு அடியில் இறங்கும். மேலே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலும், சேஸின் உள்பக்கமும் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேரும் மூலையும் கழுவப்படுவதில்லை. உப்பு அங்கேயே தங்கி, ஈரம் பட்டபோதெல்லாம் இரும்பைத் தின்னும். வெளியே புது பெயிண்ட் மினுக்கும், உள்ளே தகடு தாளாகியிருக்கும். தோல் லோடு அடித்த வண்டியையும் காய்கறி லோடு அடித்த வண்டியையும் ஒரே வயது, ஒரே கிலோமீட்டர் என்று ஒரு தராசில் வைக்கக் கூடாது.

சேஸைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். வண்டியைப் பிட்டில் ஏற்றி, சின்னச் சுத்தியலால் பின் சக்கரத்துக்கு மேலே ஆரம்பித்து முன்னால் வரை தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். இற்ற இடத்தில் சத்தம் மொத்தென்று அடங்கும், துருச் செதில் கையளவு உதிரும். பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட் ரிவெட்டைச் சுற்றி முடி போல விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கேபினுக்குப் பின்னால், பாடி தொடங்கும் இடத்தில் சேஸ் லேசாகத் தொய்ந்திருக்கிறதா என்பதையும் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். செங்கல், மணல், ஜல்லி என்று அளவுக்கு மேல் ஏற்றிய வண்டி அந்த இரண்டு இடத்தில்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். விரிசலுக்கு மேல் பட்டி வைத்து வெல்டிங் அடித்திருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வெல்டிங்கின் சூடு பட்ட ஓரத்தில் இரும்பின் தன்மை மாறிவிடும், அடுத்த விரிசல் அந்த ஓரத்திலிருந்தே கிளம்பும்.

சேஸ் போயிருந்தால் அந்த வண்டிக்கு இன்ஜின் வேலை பார்க்காதீர்கள். நேராகச் செகண்ட் ஹேண்டா புதுசா என்ற பகுதிக்குப் போய்விடலாம். சேஸ் நன்றாக இருந்தால் மட்டும் இதற்கு அடுத்து வருவது உங்களுக்கு.

வயது ஒரு தடையா?

"பத்து வருஷம் ஆன டீசல் வண்டியை ஓட்ட முடியாதாமே" என்ற பேச்சை நம்பி, நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. அது டெல்லி வட்டாரத்துக்காக வந்த உத்தரவு, வேலூருக்கு அல்ல. இங்கே சரக்கு வண்டிக்கு எஃப்சிதான் கணக்கு. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். வயது ஏற ஏற எஃப்சி கட்டணமும் ஏறும், பசுமை வரியும் சேரும். 15 வயதை நெருங்கும் வண்டி என்றால் இந்த ஆண்டின் கட்டணத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, அதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். எஃப்சிக்கு முன்னால் டிங்கரிங், பெயிண்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பிரேக், டயர் என்று ஆகும் செலவு கட்டணத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா?

இந்த இடத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கறும்புகை என்றால் இன்ஜின் போய்விட்டது என்று பொருள் அல்ல. டீசல் அதிகமாகப் போகிறது அல்லது காற்று குறைவாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் குழாய்) கிழிசல், நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) ஒழுகல் இவற்றை முதலில் பாருங்கள். டர்போ ஹோஸ் கிழிந்த வண்டி மேட்டில் இழுக்கவே இழுக்காது. ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்பும் மாற்றினால் தீரும் வேலைக்கு இன்ஜினையே இறக்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் எந்த வழியாக என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப்புகை வந்து, அப்புறம் நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அது ஹெட்டோடு முடியும் வேலை. டர்போவிலிருந்து வரும் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறது என்றால் டர்போ ஷாஃப்டைச் சந்தேகிக்கலாம். இந்த இரண்டும் இல்லாமல், லோடு ஏற்றிய எல்லா நேரமும் நீலப்புகை வருகிறதா? அப்போது பேக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரிலிருந்து கீழே கசிந்து வரும் அழுத்தத்தைப் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகு, ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயின் மேல் வைத்தால் போதும். மூடி லேசாக ஆடினால் கவலையில்லை. குதித்து விழுந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் உறையான லைனரும் தேய்ந்துவிட்டன. அப்போதும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளந்து, எண்களைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கில் ஒன்று மட்டும் மிகவும் குறைவாக இருப்பதும், நான்குமே சமமாக இறங்கியிருப்பதும் வேறு வேறு நோய்கள்.

ஆயில் அளவு குறைவதை எல்லோரும் கவனிப்பார்கள். கூடுவதையும் கவனிக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால், ஏதோ ஒரு வழியில் டீசல் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போய் பேரிங் போகும். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரிக்கு மேல் அடிக்கும்போது, லோடோடு குடியாத்தத்திலிருந்து பலமநேர் மலைச்சாலையிலோ ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஏறும் பழைய வண்டிக்கு ரேடியேட்டர்தான் உயிர். அதில் போர் தண்ணீரை ஊற்றுவது நம் பக்கத்துப் பழக்கம். நம் மண்ணின் போர் தண்ணீர் கடினமானது. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டர் ஹெட்டின் நீர்வழிகளிலும் படிந்து, சூட்டை வெளியே விடாது. கேன் கூலண்ட் விலை அதிகம் என்று தோன்றினால், ஹெட் கேஸ்கெட் போய் ஹெட் வளைந்த பிறகு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள். இன்னொரு பழக்கம், சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். குளிர்ந்த நிலையில் நெடுநேரம் ஓடும் டீசல் இன்ஜினில் தேய்மானம் அதிகம், டீசலும் கூடக் குடிக்கும். புது தெர்மோஸ்டாட் போடுவதே சரி.

இப்படிப் பார்த்துப் பார்த்து, இன்ஜின் போகவில்லை, சுற்றியிருப்பவைதான் போயிருக்கின்றன என்று தெரிந்தால், இருப்பதை ஓட்டுவதே லாபம். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ்கள், நாசில் சர்வீஸ், கிளட்ச் பிளேட், பிரேக், பட்டை புஷ், ஜாயிண்ட் கிராஸ் எல்லாவற்றையும் ஒரே முறை வண்டியை நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். வாரம் ஒன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வாடகை போகும். கத்தரிக்காயும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு விடியலுக்கு முன் நேதாஜி மார்க்கெட்டுக்கோ கோயம்பேட்டுக்கோ போகும் வண்டி நடுவழியில் நின்றால், சரக்குக்காரர் அடுத்த முறை கூப்பிட மாட்டார். அந்த நஷ்டம் எந்தச் சீட்டிலும் வராது.

ஃபுல் இன்ஜின் வேலை

சேஸ் நன்றாக இருந்து, இன்ஜின் போயிருந்தால் எனக்குப் பிடித்த வழி இதுதான். முழுசாகச் செய்ய வேண்டும், அரைகுறையாக அல்ல. என் தங்கை கணவர் குடியாத்தத்தில் பிக்கப் வைத்திருக்கிறார். அவர் பட்டறையில் கேட்டதும், மெக்கானிக் சொன்னதும் இந்த வேலையின் சாரம்:

"பாய், ரிங் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. இப்ப கையில அவ்ளோதான் இருக்கு."

"போடலாம் தம்பி. ஆனா போர் வட்டமா இல்ல. புது ரிங் அதுல உட்காராது. ஆறு மாசத்துல திரும்ப வருவ, அப்போ ரிங் காசும் போயிருக்கும்."

மெக்கானிக் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் துளை. பிஸ்டன் ஒரே திசையில் அழுத்தி அழுத்தி, சிலிண்டர் நாளடைவில் முட்டை வடிவாகிவிடும். அதில் வட்டமான ரிங்கைப் போட்டால் ஓரங்களில் இடைவெளி அப்படியே இருக்கும். லைனர், பிஸ்டன், ரிங் மூன்றும் சேர்ந்து மாற வேண்டும் அல்லது போர் செய்து அடுத்த சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, தேய்ந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். ஆயில் பம்பையும் ஆயில் கூலரையும் பழையபடியே திருப்பி மாட்டக் கூடாது. ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத் வேலை, கிரைண்டிங் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. இறக்கிய இன்ஜினை லேத்துக்கு எடுத்துப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அளவுகளை நீங்களே பார்த்துவிட்டால், பிறகு பேச்சுக்கு இடமிருக்காது.

ஸ்பேர் விஷயத்தில் என் கருத்து இது: இன்ஜினுக்குள் போவது ஒரிஜினல் அல்லது பெயர் பெற்ற கம்பெனிப் பொருளாக இருக்கட்டும். விளக்கு, கண்ணாடி, கதவுக் கைப்பிடி லோக்கலாக இருந்தாலும் பிழைப்பு கெடாது. கழற்றிய பழைய பாகங்களைச் சாக்கில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த வண்டியில் மறுநாளே முழு லோடு ஏற்றாதீர்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாதி லோடு, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், இன்ஜினை அலற விடாமல் ஓட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே ஒரு முறை மாற்றிவிட வேண்டும். ரிங் போருடன் படிவது அந்த நாட்களில்தான்.

பழைய இன்ஜினை மாட்டுவது

சென்னை புதுப்பேட்டையிலிருந்து இன்ஜின் எடுத்து வந்து இரண்டே நாளில் மாட்டிவிடலாம் என்பது இதன் கவர்ச்சி. வண்டி நிற்கும் நாட்கள் குறைவு. ஆனால் அந்த இன்ஜின் எவ்வளவு ஓடியது என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்டார்ட் செய்து காட்டாத இன்ஜினை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. அதைவிட முக்கியம் காகிதம். இன்ஜின் எண் ஆர்சியில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. இன்ஜினை மாற்றினால் ஆர்டிஓவில் சொல்லி புது எண்ணை ஆர்சியில் ஏற்ற வேண்டும். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டிவரும். ஆர்சியில் எண்ணை மாற்றாமல் ஓட்டினால் எஃப்சியில் நிற்கும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும். பிளாக்கே வெடித்துப்போன வண்டிக்கு மட்டும் இந்த வழியை யோசிப்பேன்.

செகண்ட் ஹேண்டா, புதுசா?

இனிப் பணக் கணக்கு. இந்த எண்கள் ஓர் உதாரணத்துக்கு, உங்கள் எண்களை வைத்துத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

புது வண்டிக்கு 6 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 48 மாதம் என்றால் டியூ (மாதத் தவணை) சுமார் 15,200 ரூபாய். வட்டி மட்டும் 1,30,000 ரூபாய் ஆகும். ஃபுல் இன்ஜின் வேலை 1,20,000 ரூபாய் என்று வைத்தால், அது எட்டு மாத டியூவுக்குச் சமம். வேலை பார்த்த வண்டி எட்டு மாதத்துக்கு மேல் ஒழுங்காக ஓடினால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் மிச்சம்தான். சிறிய அளவிலாவது அந்த மிச்சத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கையில் வந்ததை எல்லாம் செலவழித்துவிட்டு, அடுத்த பெரிய வேலைக்கு மறுபடி கடன் தேடினால் இந்தக் கணக்கு நிற்காது.

புது வண்டிக்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். பழைய வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டர், புதியது 13 என்றால், மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 35 லிட்டர் மிச்சம். டீசல் 93 ரூபாய் என்றால் 3,250 ரூபாய். அது டியூவில் ஐந்தில் ஒரு பங்கு. மாதம் ஐந்தாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடி, நிலையான வாடகை எழுத்தில் கையில் வைத்திருப்பவருக்குப் புது வண்டி நியாயமான முடிவு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனத்துக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 7 லட்சம் விலையுள்ள வண்டியில் இது 70,000 ரூபாய் குறைவு. ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியைக் கணக்கில் ஈடு செய்துகொள்ளவும் முடியும். ஆனால் 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. டவுனுக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது பைபாஸில் சீரான வேகத்தில் ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் இடையில் மட்டுமே சுற்றும் வண்டிக்கு இதை யோசித்தே ஆக வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் விலை குறைவு, வட்டி அதிகம். ஃபைனான்ஸில் "பத்து பர்சென்ட்தான்" என்பார்கள். ஃபிளாட் வட்டியா (முழுக் கடனுக்கும் கடைசி மாதம்வரை போடுவது), குறையும் பாக்கிக்கான வட்டியா என்று கேளுங்கள். 3 லட்சத்துக்கு மூன்று ஆண்டு, 10 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 90,000, டியூ 10,833. குறையும் பாக்கியின் கணக்கில் அது ஏறத்தாழ 18 சதவீதம். இதோடு, வாங்கிய முதல் மாதமே டயர், பேட்டரி, கிளட்ச் என்று ஒரு செலவு வரும். அதைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எஃப்சி, இன்சூரன்ஸ், ஹெச்பி (வண்டி மேல் உள்ள கடன்) எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மேலே சொன்ன சுத்தியலோடு அடியில் போங்கள். என்ன லோடு அடித்த வண்டி என்று ஓனரைக் கேட்டால் மழுப்பலாம். பாடியின் பலகை இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கேட்க வேண்டியதே இல்லை.

தங்கை கணவரின் வண்டி தேங்காயும் காய்கறியும் மட்டுமே ஏற்றிய வண்டி. சேஸ் தட்டிய இடமெல்லாம் கணீரென்றது. நகைக்கடன் கொஞ்சம் போட்டு ஃபுல் இன்ஜின் வேலை பார்த்தார். வேலை நடந்த நாட்களில் மாமாவின் வண்டியை வாடகைக்கு எடுத்து, வாடிக்கைக் கடைகளை விடாமல் ஓட்டினார். அவர் வண்டியே உப்புத் தோல் அடித்ததாக இருந்திருந்தால், விற்றுவிடச் சொல்லி நானே நின்றிருப்பேன்.

விற்பதென்று முடிவானால், பணம் வாங்கிய அன்றே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து முடித்து, விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். பெயர் மாறும்வரை வண்டி உங்கள் பெயரில்தான் ஓடுகிறது. வழக்கோ விபத்தோ வந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். புரோக்கர் "நான் பார்த்துக்கறேன்" என்றால், பெயர் மாறிய ஆர்சியின் நகல் கைக்கு வரும்வரை ஒரு தொகையை அவர் கமிஷனில் பிடித்து வையுங்கள்.